ஆயுத பூஜையன்று நான் நிறுத்திய பாட்டு

டிஜே ஸ்டீபன் போய்விட்டான்.

நேற்றுக் காலை கிருஷ்ணகிரியில், கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நாற்பத்து நாலு வயசு... சாகிற வயசா இது?

ஓசூர் பக்கத்து ரிசப்ஷன்களில் அவனைப் பார்த்திருப்பீர்கள். குத்துப்பாட்டு போட்டு உங்களை ஆடவிட்டு, தான் மட்டும் ஆடாமல் நின்ற ஆள்.

எங்கள் கம்பெனியில் அவன் சிஎன்சி ஆபரேட்டர், நான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். பஸ்ஸில் பதினோரு வருஷம் பக்கத்து சீட்.

"ரிசப்ஷன்ல போடறது சோத்துக்கு குரு. வூட்ல போடறதுதான் எனக்கு" என்பான். ஓசூர்ப் பழக்கத்தில் அவனுக்கு எல்லோருமே 'குரு'தான்.

வீட்டில் போடுவது பெங்களூரில் தேடித் தேடி வாங்கிய வெளிநாட்டு டான்ஸ் இசைத்தட்டுகள். ட்ரான்ஸ், ப்ரோக்ரெசிவ் ஹவுஸ், பிரேக்ஸ்... எனக்கு எல்லாமே ஒரே டம் டம்தான். அதைச் சொல்லிவிட்டால் போச்சு, சூளகிரி தாண்டும்வரை விடமாட்டான்.

ட்ரான்ஸ் மேல் அவனுக்குப் பாதி மனசுதான். "நடுவுல தாள அடிய நிறுத்திட்டு, மேல மேல ஏத்திகினு போயி நம்மள அழ வெக்கப் பாக்கறான். அழுகைன்னா அதுவா வரணும்."

அதே ட்ரான்ஸை பஸ்ஸில் இயர்ஃபோனில் கேட்டு அவன் கண்ணைத் துடைத்ததையும் பார்த்திருக்கிறேன். தூசி என்றான். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

ப்ரோக்ரெசிவ் ஹவுஸ் என்றால், "நம்ம பஸ்சு மாதிரி. ஒண்ணுமே மாறலன்னு தோணும். பாத்தா ஓசூர் வந்துட்டிருக்கும்."

பிரேக்ஸ்தான் அவன் உயிர். "வரவேண்டிய அடிய எங்கியோ ஒளிச்சு வெச்சிடறான் குரு. நீ காலத் தூக்கிகினு தேடணும். டான்ஸே அதுலதான் இருக்குது."

இனி நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

எச்ஆரிடம் நாலு வருஷம் கெஞ்சி, பொரி கொடுக்கிற நேரத்தில் அரை மணி நேரம் வாங்கியிருந்தான். சினிமாப் பாட்டு இல்லை, அவனுடைய இசைத்தட்டுகள். வாழ்க்கையில் முதல் தடவையாக வெளி ஆட்கள் முன்னால்... மனைவி ஷீலாவுக்குப் புதுப் புடவைகூட எடுத்திருந்தான்.

இரண்டு தட்டு நன்றாகவே போனது. மூன்றாவதில் அடி விட்டு விட்டு வந்தது.

சத்தம் ஒழுங்கு தப்பினால் ஓடிப்போய் நிறுத்துவதுதான் என் வேலை. ஆம்ப்ளிஃபையரில் லூஸ் கனெக்‌ஷன் என்று நானே முடிவு செய்து மெயினை ஆஃப் செய்துவிட்டேன்.

மொத்த ஷாப் ஃப்ளோரும் சிரித்தது. சூப்பர்வைசர், போதும் விடு என்கிற மாதிரி, "சாக்கு பிடப்பா" என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். யாரோ குத்துப்பாட்டு கேட்டார்கள். ஸ்டீபன் அதையும் போட்டான்.

பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "எட்டு வருசமா பக்கத்துல உக்காந்துகினு வர்றியே... அது பிரேக்ஸுன்னு உனக்குக்கூடவா குரு கேக்கல?" என்றான். மூன்று நாள் பேசவில்லை.

நாலாம் நாள் அவனே ஆரம்பித்தான். "அடுத்த பூசைக்கு நீயே போயி எச்ஆருகிட்ட கேளு." சரி என்றேன்.

கேட்கவில்லை. அதன்பின் இரண்டு பூஜை வந்து போய்விட்டது. மறுபடி எல்லோரும் சிரிப்பார்களே என்ற வெட்கம், வேறொன்றுமில்லை. அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

இன்று அடக்கம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனோம். ஷீலா மெதுவாகக் கேட்டாள்: "ண்ணா, அன்னிக்கி நீங்க நிறுத்தனது எந்தப் பாட்டு? ஒரு தடவ போடுங்களேன்."

தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தத் தட்டின் உறையில் ஒரு சிவப்பு அட்டை கட்டியிருந்தது. பழுதான மெஷினை யாரும் ஓட்டாமலிருக்க நான் மாட்டுகிற அட்டை... என் பையிலிருந்து எப்போது எடுத்தானோ!

மார்க்கரில் அவன் கையெழுத்து. 'ரிப்பேர் இல்லை. கை வைக்காதே.'

போட்டேன். ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அடி விட்டு விட்டு வரத் தொடங்கியதும் அவன் மச்சினன் எழுந்து சுவிட்சிடம் போனான். "ரிப்பேரு போலக்கீது."

"உடுப்பா... கை வெக்காத. அது அப்படித்தான்" என்றேன்.

அழுகை அதுவாகத்தான் வந்தது ஸ்டீபன்.

பாட்டு முழுசும் ஓடியது. எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம்.

போய் வா குரு...