ஆளோடு லிஃப்டுக்குள் அடங்கும் டிரம்ஸ்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் கட்டில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. டிரம்ஸ் வந்த அன்று அதைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் ஓர் அறையை டிரம்ஸ் முழுதாக வளைத்துப் போட்டுக்கொள்ள, மனைவி, மாமியார், அவர் என்று மூவரும் மற்ற அறையில் பாய் விரித்தார்கள். மனைவி ஈரத் துணியைச் சிம்பல் என்ற பித்தளைத் தட்டு நிற்கும் ஸ்டாண்டில் உலர்த்தினாள். மாமியார் பெரிய டிரம்முக்குள் போர்வைகளைத் திணித்து வைத்தார். அதனால் சத்தமும் கொஞ்சம் அடங்கியது, அலமாரியிலும் இடம் கிடைத்தது.

மெக்கானிக் மோசமாக வாசிப்பவர் இல்லை. கண்ணாடிக் கடைத் திறப்பு விழா, ஆபீஸில் யாராவது ஓய்வு பெறும் விழா என்று சின்னச் சின்னக் கச்சேரிகளுக்கு அவரும் மச்சானும் போவார்கள். மச்சான் கீபோர்டு. கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மச்சான் பஸ்ஸில் ஏறிவிடுவார். மெக்கானிக் மட்டும் வீடு காலி செய்பவர் மாதிரி சரக்கு வண்டி பிடிப்பார்.

ஒருநாள் மனைவி பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தவள், தூக்கக் கலக்கத்தில் காய்ந்த துணிக்குப் பதில் சிம்பலையே உதறி மடிக்கப் பார்த்தாள். அது கீழே விழுந்து எழுப்பிய சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று குடும்பத்தோடு தெருவுக்கு ஓடினார்.

"ஏங்க, இனிமே முடியாது. ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம்" என்றாள்.

"சின்னதா ஒண்ணு வாங்கிடறேன்" என்றார் அவர்.

"எவ்வளவு சின்னது?"

இந்தக் கேள்விக்கு எந்த வித்வானும் சொல்லாத பதிலை அவர் சொன்னார். "நாலு பேர் போற லிஃப்டுல அது என்னோட ஏறணும். ஏறி, கதவு மூடணும்."

ஆள் இல்லாத லிஃப்டை வைத்து அளந்தால் கணக்கு தப்பிவிடும் என்று மாமியாரையும் கடைக்கு அழைத்துப் போனார். மாமியார் நல்ல ஆகிருதி. அவர் நின்றது போக மிச்சமிருக்கும் இடம்தான் உண்மையான இடம் என்பது மெக்கானிக்கின் கட்சி.

விற்பனையாளர் முதலில் ஒரு செட்டைக் காட்டினார். தோலுக்குப் பதில் கொசுவலை மாதிரி மெல்லிய வலை. "வீட்ல பிராக்டிஸ் பண்ண இதுதான் சார். பக்கத்து ரூமுக்கே கேட்காது."

"கேட்காத மேளத்தை எதுக்குப்பா வாங்கணும்?" என்றார் மாமியார்.

"வீட்டுக்கு வலைம்மா. கச்சேரிக்குப் போறப்ப வலையைக் கழட்டிட்டுத் தோலை மாட்டிக்கலாம்."

"பரவால்ல. கேட்டுக்கோங்க மாப்ளே, வீட்டுக்கு வலை."

இரண்டாவது செட் மடங்கியது, ஆனால் கால்களெல்லாம் தனித்தனியாக நீட்டிக்கொண்டு நின்றன. மூன்றாவது செட்டில் பெரிய டிரம் நடுவில் இரண்டாகப் பிரிந்தது. அதற்குள் நடு டிரம், அதற்குள் சின்ன டிரம் என்று அடுக்குப் பாத்திரம் போல எல்லாம் உள்ளே போய், கடைசியில் பெரிய சூட்கேஸ் அளவில் ஒரு உருளைப் பை மட்டும் மிஞ்சியது. சிம்பல்களுக்குத் தட்டு மாதிரி ஒரு தட்டைப் பை.

"வாசிச்சுப் பாருங்க சார்."

"அப்புறம் பாக்கலாம்" என்று மெக்கானிக் அதைத் தூக்கிக்கொண்டு கடை லிஃப்டுக்குள் போனார். பின்னால், உட்கார்ந்து வாசிக்கிற ஸ்டூலோடு மாமியார். கதவு மூடியது. மேலே போனார்கள், கீழே வந்தார்கள். வழியில் ஏறிய ஓர் அம்மாளையும் "கொஞ்சம் நில்லுங்கம்மா, அளவு பாக்குறோம்" என்று நிறுத்திக்கொண்டு மறுபடி மேலே போனார்கள். பொருளோடு ஆட்கள் தப்பிவிட்டார்கள் என்று கடைக்காரர்கள் படிக்கட்டில் ஓடித் தேடி மூச்சிரைத்து நிற்கையில், கதவு திறந்து மெக்கானிக் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"பிரமாதமான டிரம்ஸ்" என்றார். ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

முதல் கச்சேரி ஓர் அலுவலகத்தின் மேல்மாடி ஹாலில். சாயங்கால நேரம். மச்சான் முன்னாலேயே போய்விட்டார். மெக்கானிக், உருளைப் பை, தட்டைப் பை, ஸ்டூலோடு மாமியார், விழாவுக்கு வந்த கேக்கைப் பெட்டியோடு தாங்கியிருந்த கேக் கடைக்காரர் எல்லோரும் லிஃப்டில் அடங்கினார்கள். கதவு மூடியது. மெக்கானிக் பெருமிதமாகச் சுற்றிலும் பார்த்தார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றது.

தட்டைப் பையின் வார் கதவிடுக்கில் மாட்டி, கதவு ஒரு விரல்கடை விலகியிருந்தது. கதவு விலகினால் லிஃப்ட் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் கதவில் கை வைக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பாடம் எடுப்பவர் அவர்தான்.

கேக் கடைக்காரர் பதறிப்போய் அவசரப் பொத்தானை அமுக்கினார். மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் அடித்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவர் பொறுப்பில் இருந்தது.

கம்பெனி விதியை அவர் மீறியதில்லை. போனை எடுத்தார். "வணக்கம், லிஃப்ட் சர்வீஸ். எத்தனை பேர் உள்ள இருக்கீங்க?"

"மூணு பேர் சார்" என்றார் கேக் கடைக்காரர், கையெட்டும் தூரத்திலிருந்து, சுவரில் பேசுவதற்காக இருந்த துளையைப் பார்த்து.

"பயப்படாதீங்க. ஆள் வந்துட்டே இருக்கார்."

"எங்க சார் வந்துட்டிருக்கார்?"

மெக்கானிக் அந்த அழைப்பைத் துண்டித்தார். மச்சானுக்குப் போட்டார். எடுக்கவில்லை. கம்பெனிக்குப் போட்டார். அந்தப் பகுதி மெக்கானிக்குக்கு இணைப்பதாகச் சொன்னார்கள். லைன் பிஸி.

"கதவைத் தட்டலாம்ல மாப்ளே" என்றார் மாமியார்.

"தட்டினா மேல வரைக்கும் கேட்காது அத்தை."

"பின்ன இதை எதுக்கு வாங்கினோம்?"

மாமியார் மூலையில் ஒண்டினார். கேக் கடைக்காரர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். மெக்கானிக் பையைத் திறந்து, டிரம் ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டி, ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு சிம்பல் மாமியாரின் தோளுக்கும் காதுக்கும் நடுவில் நின்றது. பிறகு வாசித்தார். தகரச் சுவர்கள் அதிர்ந்தன, லிஃப்ட் ஏறி இறங்கும் குழி முழுக்க ஒலி ஏறியது. தன் வாழ்நாளில் அப்படி அவர் வாசித்ததே இல்லை. முழங்கையை விரிக்க இடமில்லாததால் ஒரு அடிகூட வீணாகவில்லை.

மேலே இருந்தவர்கள் படிக்கட்டில் இறங்கி வந்து ஆங்காங்கே உட்கார்ந்துகொண்டார்கள். சாவியோடு வாட்ச்மேன் வந்தபோது, "கொஞ்சம் இருங்க, இது முடியட்டும்" என்று அவரைத் தடுத்தார்கள். முடிந்த பிறகு, உள்ளேயிருந்து மெக்கானிக் சொல்லச் சொல்ல வாட்ச்மேன் கதவைத் திறந்தார். முதலில் கேக் வெளியே போனது. பிறகு மாமியார்.

ஹாலில் அவருக்கு அகலமான மேடை போட்டு வைத்திருந்தார்கள். ஏறி வாசித்தார். எடுபடவில்லை. கை எங்கெங்கோ போனது. "லிஃப்டுலயே நல்லா இருந்துச்சே" என்று முன் வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது.

மாமியார் எழுந்து மேடையேறி அவர் இடப்பக்கம் ஒட்டி நின்றார். கேக் கடைக்காரரையும் கூப்பிட்டு வலப்பக்கம் நிறுத்தினார். பின்னால் மச்சான், கீபோர்டோடு முதுகை ஒட்டிக்கொண்டு. மெக்கானிக் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். ஹால் எழுந்து நின்றது.

இப்போது அவர்களைக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் நான்கு பேர் என்றுதான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேர் வாசிப்பார்கள். இரண்டு பேர் நிற்பார்கள். கேக் கடைக்காரர் அந்த நாட்களில் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு சுவர் மாதிரி நிற்கிறார். "ரொம்பப் பொறுப்பான வேலைங்க. கொஞ்சம் நகந்தாலும் தாளம் போயிடும்" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறார்.