நாக்கு தேர்ந்தெடுத்த சுண்ணாம்பு

நான் மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் பூச்சு வேலை செய்திருக்கிறேன். ஒன்றிலும் உட்கார்ந்து படித்ததில்லை. நான் கட்டிய சுவரைப் பார்த்தாலே அது தெரியும் என்பாள் என் வீட்டுக்காரி.

ஓரிக்கையில் ஒரு நெசவாளர், கழனியாக இருந்த மனையில் வீடு கட்டியிருந்தார். அடியில் களிமண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். போன மழைக்குத் தரை உப்பி, கால் விட்டு உட்காரும் தறிக்குழியின் சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

"மிதிய அமுக்கினா காலு செவுத்துல ஒரசுது மேஸ்திரி. தறியும் ஒரு பக்கம் சாஞ்சிக்கினு இருக்குது. சேலையில கரையும் உடலும் சேர்ற எடம் கோணலா வருது. இந்த ஐப்பசிக்குள்ள சரி பண்ணலன்னா நான் தறிய மூட்டை கட்டிட்டு சேலைக் கடையில மடிக்கிற வேலைக்குத்தான் போவணும்."

அவருடைய அக்கா மகள் இன்ஜினீயர். வந்து மண்ணைப் பிசைந்து பார்த்தாள். மூன்றடி தோண்டி, கட்டிகளை உடைத்து, சுண்ணாம்பு கலந்து, தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் மூடி இரண்டு நாள் விடவேண்டும். பிறகு அரையடி அரையடியாகப் போட்டு இடிக்கவேண்டும் என்றாள்.

"சுண்ணாம்பு சேந்தா மண்ணோட கொணமே மாறிடும். அப்புறம் தண்ணி குடிச்சி உப்பாது. ஆனா புதுசா சுட்டதா வாங்குங்க மேஸ்திரி."

"எம்மா, சுண்ணாம்ப பத்தி எனக்கே சொல்றியா?"

எனக்குச் சுண்ணாம்பு தெரியும்தான். வெற்றிலைக்கு.

கடையில் இரண்டு வகை இருந்தது. சூளையிலிருந்து வந்த கல்லை மூடிபோட்ட டிரம்மில் வைத்திருந்தார்கள். மூலையில் வாய் திறந்த மூட்டைகளில் பொடி கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கல் சுரீர் என்றது. பொடி, பாவம், ஒன்றுமே செய்யவில்லை. பக்குவப்பட்ட சரக்கு என்று முடிவு செய்து, மூட்டைகளை வண்டியில் ஏற்றினேன்.

கலந்து மூடிய மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்து, கலந்த மண்ணில் ஓர் உருண்டை, கலக்காத மண்ணில் ஓர் உருண்டை பிடித்தாள். வெயிலில் காயவைத்து, சாயங்காலம் இரண்டையும் பக்கெட் தண்ணீரில் போட்டாள். கலக்காதது கரைந்தது. கலந்ததும் கூடவே கரைந்தது.

"எப்டி மேஸ்திரி பாத்து வாங்கினீங்க?"

"நாக்குல வெச்சி பாத்துத்தாம்மா. கொஞ்சங்கூட சுடல."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "காத்து பட்டு செத்துப்போன சுண்ணாம்பு அது. வாயி வெந்திருந்தா வாங்கியிருக்கணும்."

நெசவாளர் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாபா, என் தறிக்கு வெத்தல மடிச்சி குடுத்துட்டியா?"

மறுபடி தோண்டினேன். இந்தமுறை கல் சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றியதும் கொதித்து, ஆவி விட்டு, பொடியாக உதிர்ந்தது. வேண்டாம் என்று அந்தப் பெண் கத்துவதற்குள், பழக்கதோஷத்தில் நாக்கில் வைத்துவிட்டேன். நான்கு நாளைக்கு ஆறின கஞ்சிதான் உள்ளே போனது. பேச்சும் இல்லை. வீடு நிம்மதியாக இருந்தது என்று வீட்டுக்காரி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

புதுக் கலவையின் உருண்டை தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கிடந்தும் கரையவில்லை. இடித்து, குழி கட்டி, தறியைப் பூட்டினோம். பூட்டிய அன்றே நெசவாளர் ஒரு பட்டு இழையைத் தறியின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு விறைப்பாகக் கட்டினார். தரை அசைந்தால் இழை தொங்கும், இல்லை அறுந்துவிடும்.

ஐப்பசி மழை பிடித்தது. நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. பத்தாம் நாள் அவரே போன் செய்து கூப்பிட்டார். போகும் வழியெல்லாம் பழியைப் போட ஆள் தேடினேன். களிமண்ணைத் தவிர யாரும் கிடைக்கவில்லை.

வாசலில் முழங்கால் தண்ணீர். உள்ளே அவர் குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்தார். பட்டு இழை, கட்டிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. விரலால் சுண்டிப் பார்க்கப் போனேன்.

"தொடாதபா. மழைக்கே அசையல, நீ தொட்டு அறுந்துடப் போவுது."

"காலு ஒரசுதா?"

"ஒரசல." மிதியை அழுத்தி, விட்டுக் காட்டினார். பிறகு வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். "சுண்ணாம்ப நாக்குல வெச்சி பாரு. ரொம்ப சுட்டா சொல்லு, பின்கட்டு தரைக்கும் போட்டுடலாம்."