மாலை சிக்காத சீப்பு

என் பட்டறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது "சார் இல்லையா?" என்பதுதான். சார் என்றால் என் கணவர். செங்கல்பட்டில் ரயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட் என்று நானே போட்ட பட்டறை அது. "சார் கல்பாக்கத்தில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு ஆணி அடிக்கக்கூட வராது. என்ன வேலை, என்னிடம் சொல்லுங்கள்" என்பேன். சிலர் சொல்வார்கள். சிலர் சார் வந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். போகட்டும், எனக்கென்ன.

மாமல்லபுரத்துப் படகுக்காரர் ஒருவர் மட்டும் சாரைக் கேட்கவில்லை. சுனாமிக்கு முந்திய வருஷங்கள் அவை. ஒரு நாள் காலையில் கோணிப்பையோடு வந்தார். உள்ளேயிருந்து துருப்பிடித்த ஒரு கம்பித் தடுப்பை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"தங்கச்சி, இது இன்னான்னு தெரியுதா?"

"ஜன்னல் கிரில் மாதிரி இருக்கு."

"ஜன்னல் கிரில்லு செய்றவன்தான் செஞ்சான். வாட்டர் ஸ்கூட்டருக்கு."

ஏதோ ஒரு விடுதி வேண்டாமென்று தள்ளிவிட்ட வாட்டர் ஸ்கூட்டரை அவர் வாங்கி, கடற்கரைக்கு வருகிறவர்களைப் பின்னால் உட்காரவைத்து ரவுண்டு அடித்துக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கு வயிற்றில்தான் வாய். அந்த வாய் தண்ணீரை உறிஞ்ச, உள்ளே சுழலும் இறக்கை அதைப் பின்பக்கம் பீச்சியடிக்க, அந்த வேகத்தில் வண்டி முன்னால் போகும். வாய்க்குள் குப்பை போகாமலிருக்க ஒரு கம்பித் தடுப்பு வேண்டும். வண்டியோடு வந்த தடுப்பு உடைந்துபோனதால் ஊர் வெல்டர் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வைத்து ஒன்று அடித்துக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு பூ டிசைன் வேறு. மீனுக்கு அழகு காட்ட வைத்தார் போலிருக்கிறது.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போன காணும் பொங்கலுக்கு ஒரு காலேஜ் புள்ள அலையில மாட்டிகினான். நான்தான் வண்டிய எடுத்துகினு போனேன். பாதி வழியில வல நூலு சுத்திகினு நின்னுபோச்சு. குதிச்சு நீந்திப் போறதுக்குள்ள புள்ள முழுகிட்டான். இந்த வருஷம் வண்டி நிக்கக் கூடாது தங்கச்சி. வேற ஒண்ணும் வாணாம்."

"நிக்காது" என்றேன்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அப்படிப்பட்ட வாய் எனக்கு. முதலில் சொல்லிவிடுவேன், பிறகுதான் எப்படி என்று யோசிப்பேன். பாலிடெக்னிக்கில் முப்பது பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாகப் படித்தவளுக்கு இந்த வாய் இல்லாமல் பிழைப்பு ஓடியிருக்காது.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். வண்டியைச் சாய்த்து வைக்கச் சொல்லி, சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, மணலில் மல்லாந்து படுத்து அதன் வாயை அட்டையில் அச்செடுத்தேன். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. வெள்ளைக்காரர் ஒருவர் போட்டோகூட எடுத்தார். பட்டறைக்குத் திரும்பி துருப்பிடிக்காத எஸ்.எஸ். கம்பியில், முன்பிருந்ததைவிட நெருக்கமாக, குறுக்குக் கம்பிகளோடு கெட்டியாக ஒரு தடுப்பு செய்தேன். ஆர்கான் வெல்டிங்கில் இணைத்துப் பாலிஷ் போட்டதும் பாத்திரக்கடையில் வைக்கலாம் போலப் பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வண்டியை இறக்கிய அன்று அவர் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஹேண்டில்பாரில் பெரிய சாமந்தி மாலையாகப் போட்டார். இடுப்பளவு தண்ணீரில் எஞ்சினை எழுப்பிக் கிளம்பினார். முதல் அலையிலேயே மாலை நழுவி முன்பக்கம் விழுந்து வண்டிக்கு அடியில் போயிற்று. எஞ்சின் ஒரு கத்து கத்திவிட்டு நின்றது. கரைக்கு இழுத்து வந்து பார்த்தால், மாலை நார் என் குறுக்குக் கம்பிகளில் முடிச்சு முடிச்சாகச் சிக்கிக் கிடந்தது. மிச்ச நார் உள்ளே போய் இறக்கையின் தண்டைச் சுற்றியிருந்தது. பூவெல்லாம் அரைத்த துவையல்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மாலை போடச் சொன்னது யாருங்க அண்ணா?"

"மால போடாம எப்டி எறக்கறது? போட்டுக்குப் போடறோம், கட்டுமரத்துக்குப் போடறோம், இதுக்கு மட்டும் போடக் கூடாதா?"

"கூடாது. இதோட வாய் கீழே இருக்கு."

"வண்டி நிக்காதுன்னு நீதான சொன்ன?"

தடுப்பைக் கழற்றிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவரைத் திட்டினேன். அதற்குப் பிறகு திட்ட முடியவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் மாலை போடாவிட்டால் மட்டும் என்ன? காணும் பொங்கலன்று அந்தக் கடலில் என்னதான் மிதக்காது? தலையிலிருந்து நழுவிய பூ, துப்பட்டா, பிளாஸ்டிக் பை, கிழிந்த வலை. ஒரு மாலைக்கு நிற்கிற வண்டி இவை எல்லாவற்றுக்கும் நிற்கும்.

விடை கண்ணாடி முன்னால் கிடைத்தது. காலையில் அவசரமாகத் தலைவாரி, சீப்பில் சிக்கிய முடியை இழுத்தேன். பல்லோடு வழுக்கிக்கொண்டு நுனி வழியாக வந்துவிட்டது. சீப்பின் பல்லுக்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு, மறுபக்கம் திறப்பு. நான் செய்த தடுப்பில் எல்லாப் பக்கமும் பிடிப்பு. குறுக்குக் கம்பி எதற்கு? எல்லாரும் ஜன்னலுக்கு அப்படித்தான் வைக்கிறார்கள் என்று நானும் வைத்திருக்கிறேன். பூ டிசைன் ஒன்றுதான் பாக்கி.

காப்பிகூடக் குடிக்காமல் பட்டறைக்கு ஓடினேன். முன்பக்கம் மட்டும் ஒரு பட்டையில் பிடித்த பற்கள். பின்பக்கம் நுனி திறந்தே இருக்கும், வண்டி ஓட ஓட எது மாட்டினாலும் பின்னால் வழுக்கிப் போய்விடும். முதலில் செய்த பற்கள் தண்ணீர் வேகத்தில் அதிர்ந்து, ஒன்று அடியிலேயே விரிசல் விட்டது. அடுத்ததில் அடி தடிமனாகவும் நுனி மெலிந்தும் இருக்கும்படி ஒவ்வொரு பல்லையும் கிரைண்டரில் இழைத்தேன். சோதித்துப் பார்க்க, செங்கல்பட்டு மார்க்கெட்டில் நானே மாலை வாங்கினேன். அடுத்தடுத்துப் போய் வாங்கவும் பூக்காரம்மாவுக்குத் தாங்கவில்லை.

"எந்தக் கோயிலும்மா இத்தினி மால கேக்குது?"

"கடல்ல இருக்குது."

நானே அலைக்குள் நின்று மாலைகளை வண்டியின் வழியில் வீசினேன். படகுக்காரர் அவற்றின் மேலேயே வண்டியை ஓட்டிப் போய்விட்டு வட்டமடித்து வந்தார். மாலை முழுசாகப் பின்னால் மிதந்தது. வலைத்துண்டு, சாக்கு, என் பழைய துப்பட்டா எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எதற்கும் நிற்கவில்லை.

"இழுவ கொஞ்சம் கம்மியா கீது தங்கச்சி" என்றார்.

"இருக்கட்டும். வேகமா போய்ப் பாதியில நிக்கிறதுக்கு, கொஞ்சம் மெதுவா போய்ச் சேருங்க."

அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கரைக்குத் திருப்பினார்.

காணும் பொங்கலன்று கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மணலே தெரியாத கூட்டம். கயிறு கட்டித் தடுத்தும் ஜனங்கள் தண்ணீரில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது ஒரு பெண் அலறினாள். தூரத்தில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது. படகுக்காரர் அதற்குள் வண்டியில் இருந்தார்.

அந்த ஆளை நெருங்கும்போது அலைமேல் வெள்ளையாக ஏதோ விரிந்து, வண்டிக்கு அடியில் போனதைப் பார்த்தேன். வேட்டி. எஞ்சின் சத்தம் ஒரு கணம் கரகரத்தது. என் கை கணவரின் சட்டையைப் பிடித்திருந்தது. சத்தம் மறுபடி தெளிந்தது. வேட்டி பின்னால் வந்து மிதந்தது.

அந்த ஆளைக் கரையில் போட்டதும் தண்ணீரைக் கக்கிவிட்டு, "என் வேட்டி?" என்று கேட்டார். அவர் மனைவி அவரை அடித்துக்கொண்டே அழுதாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன்.

படகுக்காரர் அந்தக் கூட்டத்துக்குள் வரவில்லை. தண்ணீரிலேயே நின்று வண்டிக்கு அடியில் கையைவிட்டுப் பற்களைத் தடவிப் பார்த்தார். பிறகு காலையில் இறுக்கிக் கட்டியிருந்த சாமந்தி மாலையை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றினார்.

"போன வருஷத்துப் புள்ளைக்கு" என்று என்னிடம் சொன்னார். மாலையைத் தண்ணீரில் விட்டார். அது வண்டியின் மூக்குக்கு முன்னாலேயே மிதந்துகொண்டிருந்தது. அவர் அது விலகுவதற்குக் காத்திருக்காமல் எஞ்சினை எழுப்பிக்கொண்டு மறுபடி கடலுக்குள் போனார்.