பாக்கியத்துக்குப் போடாத ஓட்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மும்பையில் தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ரேஷன் கடை மனுவும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. டாக்டர் எங்கே வலி என்று கேட்டால்கூட முதலில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் பழகிய ஆள். அப்படிப்பட்டவள் தேர்தலைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீங்களும் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

போன வாரம், தேவ்நாரில் நாங்கள் இப்போது இருக்கும் கட்டடத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். பல வருடமாக நடக்காமல் கிடந்த மாநகராட்சித் தேர்தல். கதவைத் திறந்ததும் ஒரு பெண் என் கழுத்தில் கட்சித் துண்டு ஒன்றைப் போட்டாள், கும்பிட்டாள், அடுத்த கதவுக்குப் போய்விட்டாள். என் பேரைக்கூடக் கேட்கவில்லை. துண்டைக் கழற்றி மோந்து பார்த்தேன். மலிவுச் சாயமும் கஞ்சியும் கலந்த வாசனை, லேசாக மண்ணெண்ணெய் மாதிரி. ஓரத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. என் வலது கை தானாகக் கத்தரியைத் தேடியது.

தாராவியில் இருந்த காலத்தில் எனக்குத் தாகா வெட்டுகிற வேலை. தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை நறுக்கிச் சுத்தம் செய்வதற்கு அங்கே அதுதான் பேர். காதர் பாய் என்று காயல்பட்டினம் பக்கத்துக்காரர் ஒருவர் தையல் பட்டறை வைத்திருந்தார். மற்ற நாளில் சட்டை. தேர்தல் வந்தால் கொடி, துண்டு, தொப்பி. எந்தக் கட்சி என்று பாய் பார்க்க மாட்டார். மூன்று கட்சித் துணியும் ஒரே பட்டறையில் தைத்து, ஒரே மூலையில் எங்கள் மடிக்கு வரும். ஆனால் ஒரு கட்சித் துண்டு இன்னொரு கட்சித் துண்டின் மேல் படக் கூடாது என்பதில் கறாராக இருப்பார். ஈரக் காற்றில் சாயம் ஒட்டிவிடும். "சாயத்துக்கு இருக்க ரோசம் ஆளுகளுக்கு இல்லியே பாய்" என்பாள் செல்லத்தாய். எங்களில் வாய் அதிகம் அவளுக்குத்தான்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் பாக்கியம். எங்கள் சந்தில் எதிர்வீடு. என்னைவிடச் சின்னவள், அண்ணி முறைக்கு மைனி என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரு திறமை இருந்தது. எந்தத் தலைவர் துண்டு மடியில் இருக்கிறதோ அந்தத் தலைவராகவே பேசிக் காட்டுவாள். கத்தரிதான் மைக். மராத்தியில் ஒருவர் தொண்டையைச் செருமுவது, இந்தியில் ஒருவர் கையை ஆட்டுவது, தமிழ்நாட்டுத் தலைவர்கள் இழுத்து இழுத்துப் பேசுவது, எல்லாம் அப்படியே வரும். பாய் வாசலுக்குப் போய் நின்று முதுகு குலுங்கச் சிரிப்பார். முதலாளி சிரித்தால் வேலை நின்றுவிடும் என்று அவருக்குப் பயம்.

தமிழ்நாடு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சந்தில் உண்மையான அரசியல் சண்டை நடந்ததெல்லாம் தமிழ்நாட்டுக் கட்சிகளைப் பற்றித்தான். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே ஓட்டே கிடையாது. ஓட்டு இல்லாத ஊருக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்திருக்கிறார்கள். அடுத்த சத்தம் டெல்லித் தேர்தலுக்கு. யார் பிரதமர் என்று குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வாதாடுவார்கள். மாநகராட்சித் தேர்தல் வந்தால் மட்டும் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தூரத்தில் இருப்பவனைத் திட்டினால் அவன் காதில் விழாது. நகர்சேவக், அதாவது வார்டு உறுப்பினர், அப்படியில்லை. குழாய்த் தண்ணீர் அவன் சொன்னால் வரும், அவன் சொன்னால் நிற்கும்.

என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டினார். வீட்டில் எந்தத் தேர்தலுக்கும் அவர் சொல்வதுதான். "ஏளா, டெல்லிக்கு ஒம் மனசுப்படி போட்டுக்கோ. அங்கன நம்ம சத்தம் கேக்கப்போறதில்ல. கட்டருக்குப் பாத்துப் போடணும்" என்பார். கட்டர் என்றால் சாக்கடை. டெல்லிக்கு என் மனசுப்படி போடலாம் என்று அவர் அனுமதி தந்ததில் எனக்குக் கொஞ்ச நாள் பெருமைகூட இருந்தது. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய நாட்டை என்னிடம் விட்டுவிட்டார் மனுஷன்.

பாக்கியத்தின் புருஷன் தங்கராசுக்குக் கேபிள் கனெக்‌ஷன் தொழில். ஒரு கட்சியில் வருடக்கணக்காக நாற்காலி தூக்கி, பேனர் கட்டி, இந்தத் தடவை சீட்டு எனக்குத்தான் என்று காத்திருந்தார். அந்த வருடம் எந்த வார்டு யாருக்கு என்று போட்ட குலுக்கலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று விழுந்தது. அவர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். மறுவாரமே சந்து முனையில் பேனர். அவர் படம் ஆள் உயரத்துக்கு. மூலையில் ரேஷன் கார்டு அளவில் வேட்பாளர், பாக்கியம். மற்ற இரண்டு கட்சியும் அதையே செய்திருந்தன. "மூணு பேருமே ஆராவது ஒருத்தன் பொண்டாட்டி. இதுல என்னத்தப் பாத்துப் போட?" என்றாள் செல்லத்தாய்.

ஆனாலும் உள்ளுக்குள் எங்களுக்குச் சந்தோஷம். நம்மோடு தாகா வெட்டியவள் மாநகராட்சிக்குப் போகிறாள். சந்துக் கமிட்டியும் கூடி, எல்லா ஓட்டும் பாக்கியத்துக்கே என்று முடிவு செய்தது. புதுத் தண்ணீர்க் குழாய் வருமென்று தங்கராசு சொல்லியிருந்தார். பாக்கியம் பட்டறைக்கு ஓட்டுக் கேட்டு வந்தாள். பின்னால் ஒரு கூட்டம். புதுச் சேலை, கழுத்தில் துண்டு. ஒரு தலைவரைப் பேசிக் காட்டு என்று செல்லத்தாய் கேட்டாள். பாக்கியம் தங்கராசைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஒவ்வொருவரையும், முன்பின் தெரியாதவர்களைப் போல, கும்பிட்டாள். 

தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம், உறை மோர் வேண்டுமென்று ஒரு டம்ளரோடு என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் கதவைச் சாத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"மைனி, எனக்கு ஓட்டுப் போடாதீய."

கிண்டல் செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"பில்டர் ஆளுக வீட்டுக்கு வந்து வந்து போறாவ. நான் செயிச்சா இந்தச் சந்த எடுக்கதுக்கு மொதக் கையெழுத்து என்கிட்டத்தான் வாங்குவாவ. எங்க வீட்டுக்காரரு பேரு எங்கயும் வராது. நாளைக்கு மண்ண வாரித் தூத்துறவ எல்லாம் எம் பேரச் சொல்லித்தான் தூத்துவா."

"நீ மாட்டேன்னு சொல்லேன்ட்டி."

"நீங்க ஒங்க வீட்டுக்காரர்கிட்ட எதுக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்கியளா, மைனி?"

நான் மோரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ரெண்டு நாளு அடிப்பாரு. பொறவு தாகா வெட்ட வந்துருவேன்."

வேறு யாரிடமாவது சொன்னாயா என்றதற்கு இல்லையென்று தலையாட்டினாள். செல்லத்தாயிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தங்கராசு காதுக்குப் போய்விடும். யாரிடமும் எதையும் சொல்லாதவள் என்று பார்த்துத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். என் வாயில்லாத்தனம் ஒருத்திக்கு உதவியாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஒரே ஒரு ஓட்டு. அதை வைத்து அவளை எப்படித் தோற்கடிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. ஜெயிக்கக்கூடிய எதிர்க்கட்சி ஒன்றுதான். அந்தக் கட்சி ஆட்கள் ஒரு தடவை என் தம்பியின் கைவண்டியைப் பழத்தோடு சாக்கடையில் கவிழ்த்தார்கள். அந்தச் சின்னத்தில் நம் வீட்டு விரல் படக் கூடாது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றபோது அம்மா ஞாபகமும் தம்பி ஞாபகமும் மாறி மாறி வந்தன. பக்கத்தில் ஆண்கள் வரிசையில் நின்ற வீட்டுக்காரர் திரும்பி, நம்ம பாக்கியம் சின்னம் தெரியுமில்ல என்றார். தெரியும் என்றேன். மறைப்புக்குள் போய், அம்மா தொடக் கூடாது என்ற சின்னத்தை அழுத்தினேன். மிஷின் நீளமாகக் கத்தியது. எதை அழுத்தினாலும் அதே சத்தம்தான் என்று தெரிந்தும் வெளியே நிற்பவர்களுக்கு விளங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது.

பாக்கியம் ஜெயித்துவிட்டாள்.

திறந்த ஜீப்பில் குலால் வண்ணப் பொடியும் மாலையுமாகச் சந்துக்குள் கொண்டுவந்தார்கள். தங்கராசு ஜீப்பின் மேல் ஏறி நின்று சத்தம் போட்டார்: "நம்ம சந்துல ஒரு ஓட்டுகூடப் பிசகல."

மேடைப் பேச்சுதான். ஒரு ஓட்டு பிசகியிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் பாக்கியம் அந்தப் பேச்சைக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைத் தேடிப் பார்த்தாள். நான் உனக்குப் போடவில்லை என்கிற அர்த்தத்தில் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்துக் கசந்துபோகிறேன். திருடினதை நிரூபிக்கலாம், பொய் சொன்னதை நிரூபிக்கலாம். போட்ட ஓட்டை மட்டும் யாரிடமும் எடுத்துக் காட்ட முடியாது. யாரும் பார்க்கக் கூடாதென்று அத்தனை மறைப்பு வைத்திருக்கிறார்கள். பயந்து பயந்து அந்த மறைப்புக்குள் போன நானே அதைத் திட்டும்படி ஆகிவிட்டது.

அதன் பிறகு அவள் பட்டறைக்கு வரவில்லை. ஒரு தடவை வீட்டுக்குப் போனேன். வாசல் நிறையச் செருப்பு. நாற்காலியில் தங்கராசு, சுற்றிலும் ஆட்கள். பாக்கியம் டீ கொண்டுவந்து கொடுத்தாள். டீ குடிங்க என்று மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில் எனக்கும் சொன்னாள். மைனி என்று சொல்லவில்லை. தனியாகப் பேச வழியில்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். அதையும் நான் சொல்லவில்லை.

குழாய் வந்தது. ஒரு வருடம் நன்றாகத் தண்ணீர் வந்தது. பிறகு பில்டர் வந்தான். மேடை போட்டு, பாக்கியத்தை நடுவில் உட்கார வைத்து, எல்லாருக்கும் வீடு என்று தங்கராசு பேசினார். யாரோ எழுதிக் கொடுத்ததை அவள் வாசித்தாள். கத்தரியைப் பிடித்துக்கொண்டு அத்தனை தலைவர்களைப் பேசியவள், நிஜ மைக்கின் முன்னால் ஒரு தலைவரைப் போலக்கூடப் பேசவில்லை. எல்லாருக்கும் வீடு கிடைக்கவும் இல்லை. எங்களைப் போலச் சிலருக்குக் கிடைத்தது, அதுவும் தகரக் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்த பிறகு. வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. செல்லத்தாய் நெருளில் மகள் வீட்டுக்குப் போனாள், போகும்போது சந்து நடுவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். பாக்கியத்தின் பேரைச் சொல்லித்தான். தங்கராசு பேரை யாரும் எடுக்கவில்லை. அவர் அதற்குள் கட்சி மாறியிருந்தார்.

நேற்று செம்பூரில் ஒரு கல்யாணம். பின்வரிசையில் தனியாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது, பாக்கியம்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள், மூட்டு வலியைப் பற்றிச் சொன்னாள். நாதஸ்வரம் நின்றபோது, இத்தனை வருடம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பாக்கியம், அன்னைக்கு நான் ஒனக்குப் போடலட்டி."

அவள் கோபப்படவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"எல்லாரும் இப்பம் அப்படித்தான் சொல்லுதாவ, மைனி."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போனோம். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எங்கள் சந்து இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். காதர் பாய் பட்டறையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். துண்டெல்லாம் இப்போது எங்கிருந்தோ கட்டுக் கட்டாக வருகிறதாம். என் வீட்டுக்காரர் இறந்துபோனபிறகு, யாருக்குப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. யாருக்குப் போட வேண்டாம் என்று வந்து சொல்லவும் ஆளில்லை.

மறுநாள், அதாவது இன்று, தேர்தல். காலையில் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். மை வைத்தார்கள். மத்தியானம் எங்கள் கட்டடத்து லிப்ட் நின்றுவிட்டது. சாயங்காலம் சரி செய்தார்கள்.