கூட்டாமல் விட்ட மாமரத்தடி

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. டீச்சராக இருந்த ஸ்கூலுக்கு இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டு மன்னார்புரத்து வாடகை வீட்டில் படுத்திருந்தேன். கணவர் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். என்னைப் பார்த்துக்கொள்ள வையம்பட்டியிலிருந்து மாமியார் வந்திருந்தார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நானும் மாமியாரும் மட்டும் ஒரு வீட்டில் இருந்ததே இல்லை.

"கஞ்சி குடிக்கிறியா?"

"குடிக்கிறேங்க அத்தை."

அதற்கு மேல் பேச்சு வளராது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பின்பக்க ஜன்னல் கண்ணாடியில் ஏதோ மோதியது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பறவை கிடந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றின் அடியில் சிவப்பு. வாலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பூனை வருவதற்குள் அத்தை காய்கறிக் கூடையைக் கவிழ்த்து அதை மூடினார். ஒரு மணி நேரம் கழித்துக் கூடையை எடுத்ததும் தத்தித் தத்தி மாமரத்தடிக்குப் போனது.

அங்கேயே தங்கியும்விட்டது. சருகை அலகால் புரட்டி, அடியிலிருக்கும் புழுவைத் தின்னும். விடியும்போதும் விளக்கு வைக்கும்போதும் விசிலடிக்கும். என்னைப் பார்க்க வந்த சயின்ஸ் டீச்சர், "இது ஆறுமணிக்குருவிங்க. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருது" என்றார்.

அத்தை தினமும் கொல்லை முழுவதையும் கூட்டிவிடுவார்.

"மாமரத்தடியை மட்டும் விட்டுடுங்க அத்தை. சருகு இல்லேன்னா அதுக்குச் சாப்பாடு இல்ல."

"வீட்டுக்காரம்மா பாத்தா என்ன நெனைப்பாங்க? மருமக படுத்துக் கெடக்கா, மாமியாக்காரி கூட்டக்கூட இல்லேம்பாங்க."

மறுநாளும் கூட்டினார். இரண்டு நாள் பறவையைக் காணவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குவித்து வைத்திருந்த சருகை அத்தை முறத்தில் அள்ளி வந்து மரத்தடியில் பரப்பிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் விசில் கேட்டது.

உடம்பு தேறி நான் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அத்தை ஊருக்குக் கிளம்பவில்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு ஒரு பூரானைப் புடிச்சிடுச்சு. கல்லுல அடிச்சு அடிச்சுத் தின்னுச்சு."

பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போகும். பிறந்த மூன்றாம் நாளே போய்விட்ட தன் முதல் குழந்தையைப் பற்றி அப்படித்தான் ஒரு நாள் சொன்னார். என் கணவருக்கே அது தெரியாது.

ஏப்ரலில் ஒரு காலை விசில் இல்லை. நாலு நாள் பார்த்துவிட்டு அத்தை துணிமணியை மடித்துப் பையில் வைத்தார். பஸ் ஏறும்போது, "ஐப்பசியில வரேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். பறவை வரவில்லை. பின்வாசல் படியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தார்.

"வேற எங்கேயாச்சும் நல்ல எடமாக் கெடைச்சிருக்கும்" என்றவர், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். உட்கார்ந்தேன். தன் கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.