சுவரைத் தாண்டிய கம்பி

மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெறும் தறுவாயில், சதுரங்கப்பட்டினத்து மீனவர் தெருவில் பழைய சக்கர மீட்டர்களைக் கழற்றி எலக்ட்ரானிக் மீட்டர் மாட்டும் வேலையை நான் மேற்பார்வை செய்தேன். ஒரு வீட்டுக்காரர் குட்டையானவர், வெயிலில் வெளுத்த மீசை. பின்பக்கக் குடிசையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொல் கேளாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் அங்கே இருந்தாள்.

"அவ செத்துட்டா சார்" என்றார், நான் கேட்காமலே.

வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்தோம். அப்படியும் புது மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டியது. "தேய்ந்த பழைய சக்கரம் ஒரு பல்புக்கு அசையாது. இது விடாது" என்று பெருமையடித்தபடி கம்பியைத் தொடர்ந்து போனேன். அது சுவரைத் துளைத்து அந்தக் குடிசைக்குள் இறங்கியது.

"ஏம்மா, உன் வேலையா இது?" என்று அவர் மனைவியிடம் கத்தினேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "கத்தாத சார். நாந்தான் இழுத்தேன். கைக்கொயந்தையோட இருட்டுல கீது. இவளுக்கே தெரியாது."

அந்த அம்மா அவரையே திரும்பிப் பார்த்தார். இருந்தும், ஒரு வீட்டு இணைப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இழுக்கக் கூடாது என்று சட்டம் பேசி, என் கையாலேயே கம்பியை வெட்டினேன்.

"நைனா, லைட்டு பூட்ச்சு!" என்று குடிசைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது, அப்பாவைத் தினமும் கூப்பிட்டுப் பழகிய குரல்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.