மேல் நிரையிலிருந்து ஒரு சத்தம்

பனி இறங்கினால் எங்கள் மலையில் ஆளுக்கு ஆள் தெரியாது. தேயிலைச் செடியும் கொழுந்து எடுக்கும் பெண்களும் ஒன்றாக வெள்ளைக்குள் மறைந்துவிடுவோம். இடையிடையே மழைத்தண்ணீர் ஓட ஆழமான கான் வெட்டியிருக்கிறது. கால் தவறினால் கூடையோடு உள்ளே போக வேண்டியதுதான். அதனால் பனி நாட்களில் நிரைக்கு நிரை சத்தம் கொடுப்போம். மேல் நிரைக்காரி "ஓய்!" என்று கூப்பிட வேண்டும். அடுத்தவள் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தனக்குக் கீழே நிற்பவளைக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் எல்லோரும் வேலையை விட்டுத் தேடுவோம்.

பள்ளிக்கூடத்தை விட்டு நான் தோட்டத்தில் பேர் பதிந்தபோது அந்தச் சத்தம்தான் எனக்குப் பெரிய கஷ்டம். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கப்படுகிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான். உச்சி நிரையில் அம்மா, அடுத்த நிரையில் நான். முதல் பனி நாளில் அம்மா கூப்பிட்டார். என் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"பாப்பா, வேற ஒண்ணும் வரலன்னா ஆமென்னு சொல்லு. கோயில்ல சொல்றதுதானே."

சொன்னேன். கீழ் நிரை அக்கா விடவில்லை.

"ஏன்டி, இங்க என்ன பூசையா நடக்குது? கங்காணிக்கு அங்கி தைக்கக் குடுப்பமா?"

மலை முழுக்கச் சிரிப்பு. "சிரிக்கட்டும். நீ சத்தத்த விடாத" என்றார் அம்மா.

மழையில் வழுக்கி விழுந்து நான் அழுதால் அவர் தூக்கிவிட மாட்டார். "ஜெபத்துக்கு முழங்கால் போட்டதா நெனச்சுக்க. ஜெபம் முடிஞ்சா எந்திரிக்கணும்ல?" என்பார். முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். சாமியார் வராத ஞாயிறுகளில் கோயிலில் செபமாலை சொல்ல என்னை முன்னால் அனுப்பியதும் அவர்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு பனி நாள். மேலிருந்து கூப்பாடு வரவில்லை. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. அம்மா செடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூடையின் கயிறு தலையிலேயே இருந்தது. கண் மூடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வரும்போதே உடம்பு குளிர்ந்துவிட்டது.

அவருடைய நிரையைத் தனியாகப் பிடிக்க யாரும் வரவில்லை. வேலை முடியும் நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து அதில் கொழுந்து எடுத்து முடிப்பார்கள். அதுவரை அது காலியாகக் கிடக்கும். இனிப் பனி நாட்களில் சத்தத்தை நான்தான் தொடங்க வேண்டும்.

அடக்கம் முடிந்து அந்த மலைக்குத் திரும்பிய முதல் பனியில், நான் வாய் திறக்குமுன் மேலிருந்து சத்தம் வந்தது.

"ஓய், பாப்பா!"

கூடையைப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடிவந்தேன். பிறகு வேலைக்குப் போகவில்லை. கங்காணி வாசலில் நின்று, "இப்பிடியே இருந்தா பேர வெட்டிருவாங்க. குடியிருக்கிற காம்பராவையும் திருப்பிக் கேப்பாங்க" என்றார். எனக்குப் போக வேறு இடமில்லை. செபமாலையைக் கையில் எடுத்தாலும் ஜெபம் வரவில்லை. மேலிருந்து யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

ஒரு காலையில் கீழ் நிரை அக்கா என் கூடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பேய்னு பயமா? ஒங்கம்மாவுக்கு உசுரோட இருந்தப்பவே யாரையும் வெரட்டத் தெரியாது. செத்த ஒடனே கத்துக்கிட்டாளா? எந்திரி. நீ கூப்பிடலன்னா கீழ நாங்க எத்தன பேர் கண்ணு தெரியாம நிக்கிறது?"

போனேன். பத்து மணிக்கெல்லாம் பனி மூடிவிட்டது. அதே சத்தம் வந்தது. கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஆமென்" என்றேன். பிறகு என்னிடம் இருந்த சத்தத்தை எல்லாம் சேர்த்துக் கீழ்ப்பக்கம் "ஓய்!" என்று கூப்பிட்டேன். நிரை நிரையாகப் பதில் இறங்கிப் போனது.

கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் அக்கா கேட்டார். "மேல யாருக்குடி பதில் சொன்ன?"

"ஒங்களுக்கும் கேட்டுச்சாக்கா?"

"நீ சொன்னதுதான் கேட்டுச்சு."

அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நானாகவே போய் நின்றேன். மலை உச்சி வரை வெயில் அடித்தது, ஒவ்வொரு செடியும் தனித்தனியாகத் தெரிந்தது. பனி இறங்காதா என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.